ஹாலஜனை எடுத்துட்டு எல்இடி போட்டா ஏன் மினுக்குது?

கேள்வி: எங்க ஃப்ளாட் வேளச்சேரியில, பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. ஹால் ஃபால்ஸ் சீலிங்ல பத்து ஹாலஜன் ஸ்பாட் லைட் இருக்கு, ஒவ்வொண்ணும் 50 வாட். ரெண்டு ஃப்யூஸ் போச்சு, அதே சைஸ்ல 5 வாட் எல்இடி வாங்கி மாட்டினேன், போட்டதும் மினுக் மினுக்குன்னு அடிக்குது. எலக்ட்ரீஷியன் பாத்துட்டு சீலிங் வயரிங் முழுசா மாத்தணும்ங்கிறார். அவ்ளோ செலவு பண்ணணுமா சார், இல்ல பேசாம ஹாலஜனே திரும்ப வாங்கிடவா?

வயரிங் முழுசா மாத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராதுங்க, ஹாலஜனும் திரும்ப வாங்காதீங்க. நீங்க வாங்கின பல்பு அநேகமா நல்ல பல்புதான், சிக்கல் அதுக்கு மேல சீலிங்குக்குள்ள கிடக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கு.

முதல்ல மெயின் போர்டுல இருக்கிற எம்சிபியை (அந்த லைனையே துண்டிக்கிற சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க, சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணினா போதாது. ஹாலஜன் எரிஞ்சுட்டு இருந்திருந்தா கால் மணி நேரம் ஆற விடுங்க, அந்தக் கண்ணாடி கையைப் பொசுக்கிடும். அப்புறம் பல்பை வெளிய எடுத்து அடியைப் பாருங்க. ஊசி மாதிரி ரெண்டு மெல்லிசான பின் இருந்தா அது 12 வோல்ட் எம்ஆர்16. நுனி தடிச்ச ரெண்டு கட்டைக் கால் இருந்து திருகி மாட்டுற டைப்னா அது ஜியு10, நேரா 230 வோல்ட்ல ஓடுறது. உங்களோடது மினுக்குதுன்னு சொல்றதை வச்சுப் பாத்தா 12 வோல்ட் டைப்பாதான் இருக்கணும். ஓட்டை வழியா கையை விட்டா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வயரோட வரும், அதுதான் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர், அது மேல "20-60 வாட்" மாதிரி ஏதாவது போட்டிருக்கும். அந்த முதல் நம்பரைத்தான் யாரும் கவனிக்கிறதில்ல. குறைஞ்சது 20 வாட் இழுத்தாதான் அது ஒழுங்கா ஓடும், நீங்க மாட்டினது 5 வாட், அதனால அது ஸ்டார்ட் ஆகுது, லோடு பத்தாம நிக்குது, மறுபடி ஸ்டார்ட் ஆகுது, அதைத்தான் நீங்க மினுக்குறதா பாக்குறீங்க. சில வீட்ல ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல மூணு நாலு லைட் போட்டிருப்பாங்க, அங்க ஒண்ணு ரெண்டு மாத்தும்போது எல்லாம் சரியாவே எரியும், மிச்ச ஹாலஜன் லோடைத் தாங்கிக்கும், கடைசி ஹாலஜனையும் எடுத்த அன்னைக்குத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும்.

என்ன பண்ணலாம்னா, என்னைக் கேட்டா பல்பு, டிரான்ஸ்ஃபார்மர், பல்பை சீலிங்ல பிடிச்சு வைக்கிற வளையம் மூணையும் கழட்டிட்டு டிரைவரோட (எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் கொடுக்கிற குட்டி டப்பா) வர்ற எல்இடி ஸ்பாட்லைட்டாவே போட்டுடுங்க. டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் ஏற்கனவே 230 வோல்ட் லைன் வந்து நிக்குது, அதே வயர்ல புது டிரைவரைக் கொடுத்தா வேலை முடிஞ்சது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி சீலிங் ஓட்டையோட குறுக்களவை மில்லிமீட்டர்ல அளந்துக்கோங்க, மேல எவ்ளோ இடம் இருக்குன்னும் பாருங்க. ஓட்டையை விட ஃபிட்டிங் சின்னதா வாங்கிட்டா கிளிப் பிடிக்காம கீழ தொங்கும், ஓட்டையைப் பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது.

பழைய வளையம் பிடிச்சிருக்கு, அப்படியே இருக்கட்டும்னா டிரான்ஸ்ஃபார்மரை 12 வோல்ட் எல்இடி டிரைவரா மாத்துங்க, வாங்கின பல்பையும் வீணாக்க வேணாம். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துட்டு ஜியு10 ஹோல்டர் போடுற வழியும் இருக்கு, ஆனா 12 வோல்ட்டுக்குன்னு மாட்டின மெட்டல் வளையத்துக்கு எர்த் கொடுத்திருக்கவே மாட்டாங்க, அதுல 230 வோல்ட் விடுறீங்கன்னா எர்த் கண்டிப்பா இழுக்கணும். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பைபாஸ் பண்ணிட்டு அதே 12 வோல்ட் பல்பை நேர் லைன்ல கொடுக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீங்க, அது வெடிக்கும்.

எலக்ட்ரீஷியன் வயரிங்னு சொன்னதுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். ஹாலஜன் இழுக்கிற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது, வருஷக்கணக்கா அந்தச் சூட்டுல வெந்து ஹோல்டர் பக்கத்து வயர் பழுப்பாகி, தொட்டா இன்சுலேஷன் உதிரும். அந்த நுனியை மட்டும் நல்ல வயர் வர்ற வரைக்கும் வெட்டிட்டு கனெக்டர் போட்டா போதும். ரெண்டு மூணு ஓட்டைல பாத்துட்டு உள்ள தள்ளியும் உதிருதுன்னா மட்டும் அந்த இடத்துல புது வயர் இழுக்கச் சொல்லுங்க.

மிச்சம் எவ்ளோன்னு பாருங்க. பத்து லைட் 500 வாட், தினம் நாலு மணி நேரம்னா 2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். 5 வாட் எல்இடியா மாத்தினா அது 12 யூனிட்தான். நம்ம ஊர்ல 500 யூனிட் தாண்டினா ஸ்லாப் கணக்கே மாறிடும், 550, 600ன்னு வந்துட்டு இருக்கிற வீட்டுக்கு இந்த 108 யூனிட் குறையறது ரொம்பப் பெரிய விஷயம், ஏசி ஓடுற ஹால்னா அந்தச் சூட்டை வெளிய தள்ளுற வேலையும் ஏசிக்கு மிச்சம்.

வெளிச்சத்தோட கலரைப் பத்தி கட்டாயம் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் மாத்திட்டு "ஹால் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு"ன்னு வருத்தப்படறது இதுலதான். கடைல சும்மா எல்இடின்னு கேட்டா 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க, ஹாலஜன் வெளிச்சம் 3000 கெல்வின் பக்கம், அதனால வார்ம் ஒயிட் 3000ன்னு கேட்டு டப்பால பாத்து வாங்குங்க. சிஆர்ஐ, அதாவது கலரை எவ்ளோ இயல்பா காட்டுதுங்கிற அளவு, 90க்கு மேல இருந்தா இன்னும் நல்லது, 80 இருக்கிற லைட்ல சிவப்பு கொஞ்சம் செத்துத் தெரியும், பட்டுப்புடவை அரக்குக் கலரை அதுக்குக் கீழ வச்சுப் பாத்தா உங்களுக்கே புரியும். பிஐஎஸ் தர முத்திரை இருக்கான்னும் பாத்துக்கோங்க.

மூணு சின்ன விஷயம். மாத்தின பிறகு ஆஃப் பண்ணியும் எல்இடி மங்கலா எரிஞ்சா பயப்படாதீங்க, சுவிட்ச்ல சிவப்பு இண்டிகேட்டர் இருக்கும், இல்லைன்னா சுவிட்சை கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்ல போடாம, திரும்பப் போற நியூட்ரல் வயர்ல போட்டிருப்பாங்க, இண்டிகேட்டரை எடுத்துடலாம், நியூட்ரல் விஷயத்தை எலக்ட்ரீஷியனை வச்சு கட்டாயம் சரி பண்ணுங்க, அது ஆபத்தானது. ஹால்ல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருந்தா டிம்மபிள்னு போட்டிருக்கிற எல்இடியும் எல்இடிக்கான டிம்மரும் சேத்து வாங்கணும், பழைய டிம்மர்ல போட்டா மறுபடி இதே மினுக்கல்தான். ஓவனுக்குள்ள இருக்கிற லைட்டை மட்டும் எல்இடியா மாத்தாதீங்க, அந்தச் சூட்டை அது தாங்காது.

எட்டு ஹாலஜன் இன்னும் எரியுதேன்னு விட்டு வைக்காம பத்தையும் ஒரே நாள்ல மாத்துங்க, ஒரே மாடல்ல பன்னெண்டா வாங்கி ரெண்டை ஸ்பேரா வச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணு போனா அதே மாடல், அதே கலர் கிடைக்கிறது சந்தேகம்தான்.