எட்சிடில கீ போட்டாச்சு, ஆனா ட்ரேஃபிக் 404 காட்டுது, என்ன பண்றது?

கேள்வி: ரெண்டு கன்டெய்னர்ல ட்ரேஃபிக் (Traefik, வர்ற ரிக்வெஸ்ட்டை சரியான பேக்கெண்ட் சர்வருக்கு அனுப்புற ப்ராக்ஸி) ஓட்டுறேன். பேக்கெண்ட் ஐபி மாறும்போதெல்லாம் ரெண்டோட கான்ஃபிக் ஃபைலையும் கையால திருத்த வேண்டியிருந்துச்சு, அதனால எல்லாத்தையும் எட்சிடிக்கு (etcd, கீயும் அதோட மதிப்பும்னு ஜோடியா சேமிக்கிற ஸ்டோர்) மாத்திட்டேன். கீ போட்டா ஓகேன்னு வருது. ஆனா ட்ரேஃபிக் டாஷ்போர்டுல ஒரு ரௌட்டரும் (எந்த ரிக்வெஸ்ட் எங்க போகணும்னு சொல்ற அமைப்பு) இல்ல, பிரௌசர்ல 404. எங்க தப்பு? எட்சிடி விழுந்துட்டா சைட்டும் விழுந்துடுமா?

பதில்: ரெண்டாவது கேள்விதான் பெருசு, ஆனா முதல்ல 404-ஐ முடிச்சுடுவோம்.

ஓகேன்னு வந்தா கீ எட்சிடிக்குள்ள போயிருச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், ப்ராக்ஸி அதைப் படிச்சுதாங்கறது வேற விஷயம். டாஷ்போர்டுல ரௌட்டரே இல்லன்னா ப்ராக்ஸிக்கு எட்சிடி எட்டல, இல்லன்னா அது வேற இடத்துல தேடுது, ரெண்டுல ஒண்ணுதான். ட்ரேஃபிக்ல எட்சிடி எண்ட்பாயிண்ட்ல (எட்சிடி இருக்குற அட்ரஸ்) 127.0.0.1:2379-னு போட்டிருக்கீங்களா பாருங்க. கன்டெய்னருக்குள்ள இருந்து பார்த்தா அந்த அட்ரஸ் அந்த கன்டெய்னரேதான், எட்சிடி ஓடுற கன்டெய்னர் இல்ல. அதுக்குப் பதிலா எட்சிடி கன்டெய்னரோட பேரைக் குடுங்க. எட்சிடி பக்கமும் பாக்கணும், எட்சிடி சும்மா ஸ்டார்ட் பண்ணா லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும்தான் காது குடுக்கும், லிசன் கிளையன்ட் யூஆர்எல்லும் அட்வர்டைஸ் கிளையன்ட் யூஆர்எல்லும் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். இது சரியில்லன்னா ட்ரேஃபிக் லாக்ல கனெக்‌ஷன் எரர் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும், லாக் லெவலை டீபக்ல வெச்சுப் பாருங்க.

கனெக்‌ஷன் நல்லா இருந்தா அடுத்தது முதல் சாய்வுக்கோடு. எட்சிடி வெர்ஷன் 3-ல ஃபோல்டர்னு ஒண்ணு கிடையாது, கீங்கறது வெறும் நீளமான ஒரு ஸ்ட்ரிங், அதனால முன்னாடி சாய்வுக்கோடு போட்டு எழுதின கீயும் போடாம எழுதின கீயும் ரெண்டு தனித்தனி கீ. ட்ரேஃபிக்கோட டிஃபால்ட் ரூட் கீல (அதோட எல்லா கீயும் ஆரம்பிக்கிற முன்பகுதி) முன்னாடி கோடு இல்ல, நீங்களும் அப்படியே எழுதுங்க.

இதெல்லாம் சரியாகி ரௌட்டர் தெரிய ஆரம்பிச்சதும் பல பேர் மாட்டுற இன்னொரு இடம் இருக்கு, ரௌட்டர் வரும் ஆனா சிவப்பா எரர்ல நிக்கும். எந்த டொமைனுக்குன்னு சொல்ற ஹோஸ்ட் ரூல்ல டொமைன் பேரைச் சுத்தி பேக்டிக் (`) போடுறோம்ல, அந்த மொத்த ரூலையும் டெர்மினல்ல டபுள் கோட்ஸுக்குள்ள எழுதினா ஷெல் அந்த பேக்டிக்கைப் பார்த்து உள்ள இருக்குறது ஒரு கமாண்டுன்னு நெனச்சு ஓட்டப் பாக்கும், அப்படி ஒரு கமாண்ட் இல்லன்னு ஒரு வரி வரும், அதுக்கு அடுத்த வரில ஓகேன்னும் வரும், நாம ஓகேவை மட்டும் பார்த்துட்டுப் போயிடுவோம். எட்சிடில உக்காந்திருக்கறது ப்ராக்கெட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லாத ஹோஸ்ட். சிங்கிள் கோட்ஸ் போடுங்க, போட்டதும் ப்ரிஃபிக்ஸ் குடுத்து கெட் பண்ணி உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாருங்க. அப்புறம் சர்வீஸ் (ரௌட்டர் அனுப்புற பேக்கெண்ட் சர்வர்களோட பட்டியல்) கீயை முதல்ல எழுதிட்டு ரௌட்டரை அடுத்து எழுதுங்க, மாத்திப் போட்டா நடுவுல கொஞ்ச நேரம் இல்லாத சர்வீஸைக் கைகாட்டிட்டு ரௌட்டர் நிக்கும். எல்லாத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல போட்டா இன்னும் நல்லது.

எண்ட்ரிபாயிண்ட்டோட (ட்ரேஃபிக் எந்த போர்ட்ல காது குடுக்கணும்ங்கறது) வரையறையையும் எட்சிடில போட்டிருந்தா எடுத்துடுங்க. அது ட்ரேஃபிக் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் படிக்கிற ஸ்டாட்டிக் கான்ஃபிக், ஃபைல்லயோ கமாண்ட் லைன்லயோ என்விரான்மென்ட் வேரியபிள்லயோதான் இருக்கணும்.

பேக்கெண்ட் ஐபி அடிக்கடி மாறும்னு சொல்றீங்க, அப்ப பழைய கீதான் உங்களுக்குத் தலைவலியாகும். சர்வர் 0, 1, 2-ன்னு மூணு எழுதிட்டு அடுத்த தடவை ரெண்டு மட்டும் எழுதினா அந்த 2 அப்படியேதான் இருக்கும், மூணுல ஒரு ரிக்வெஸ்ட் செத்த ஐபிக்குப் போயிட்டே இருக்கும். எட்சிடில லீஸ்னு (கீக்கு வெக்கிற காலக்கெடு) ஒண்ணு இருக்கு, அதைப் பயன்படுத்துங்க: 30 செகண்டுக்கு லீஸ் வாங்கி சர்வர் கீயை அதோட கட்டிடுங்க, பேக்கெண்ட் உயிரோட இருக்குற வரைக்கும் லீஸைப் புதுப்பிச்சுட்டே இருக்கட்டும், செத்தா கீயும் தானா போயிடும். ரௌட்டர் கீல லீஸ் கட்ட வேணாம்.

இப்ப பெரிய கேள்வி. எட்சிடி விழுந்த உடனே சைட் விழாது, ட்ரேஃபிக் கடைசியாப் படிச்ச கான்ஃபிக்கை மெமரில வெச்சு ஓட்டிட்டு இருக்கும். ஆபத்து எப்போன்னா, எட்சிடி கீழ இருக்கும்போது ட்ரேஃபிக் ரீஸ்டார்ட் ஆனா. மெமரி காலி, படிக்க ஆளில்ல, எல்லா டொமைனுக்கும் 404. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ராத்திரி மெயின்டனன்ஸ்ல எல்லா மெஷினையும் ஒண்ணா ரீபூட் பண்ணோம், ப்ராக்ஸி உடனே எழுந்துடுச்சு, எட்சிடில மெஜாரிட்டி (பாதிக்கு மேல நோடு, அதாவது எட்சிடி ஓடுற மெஷின்) சேரல, பேக்கெண்ட் எல்லாம் நல்லா இருந்தும் சைட் முழுசும் 404. எங்க தேடுறதுன்னே தெரியாம ரொம்ப நேரம் பேக்கெண்டையே நோண்டிட்டு இருந்தோம். எட்சிடி ஒரே நோடுல ஓட்டாதீங்க, 3 நோடு இருந்தா ஒண்ணு போனாலும் தாங்கும், 5 இருந்தா ரெண்டு போனாலும் தாங்கும்.

உங்க இடத்துல நான் இருந்தா ட்ரேஃபிக்கை நேரா எட்சிடியோட கட்டவே மாட்டேன். நடுவுல கன்ஃப்டின்னு (confd) ஒரு டூல் வெப்பேன். அது எட்சிடியைக் கவனிச்சு டெம்ப்ளேட்ல இருந்து ஃபைல் எழுதிக் குடுக்கும், ட்ரேஃபிக்கோட ஃபைல் ப்ரொவைடர் அந்த ஃபைல் மாறுறதைப் பார்த்து தானே எடுத்துக்கும், ரீலோட் கூட வேணாம். எட்சிடி செத்து ப்ராக்ஸியும் ரீஸ்டார்ட் ஆனாலும் டிஸ்க்ல கடைசி கான்ஃபிக் இருக்கு, சைட் எழுந்துடும். ஒண்ணு மட்டும் கவனம், கன்டெய்னருக்குள்ள அந்த ஒத்த ஃபைலை மவுண்ட் பண்ணாதீங்க, ஃபோல்டரை மவுண்ட் பண்ணுங்க, இல்லன்னா ஃபைல் மாறினது உள்ள தெரியாமப் போயிடும்.

எந்த வழில போனாலும் 2379 போர்ட்டைத் திறந்து போட்டு வெக்காதீங்க. இனிமே அந்த ஸ்டோர்ல எழுத முடிஞ்ச யார் வேணா உங்க டொமைனுக்கு வர்ற ரிக்வெஸ்ட்டை அவங்க சர்வருக்குத் திருப்பிவிடலாம். டிஎல்எஸ் (கனெக்‌ஷன் என்கிரிப்ஷன்) போட்டு, ஆத் (யூசர், பாஸ்வேர்ட் சரிபார்ப்பு) ஆன் பண்ணி, ப்ராக்ஸிக்கோ கன்ஃப்டிக்கோ அந்த ரூட் கீக்குக் கீழ மட்டும் படிக்க உரிமை இருக்குற ஒரு யூசரைக் குடுங்க. எழுதுற உரிமை உங்க டிப்ளாய் ஸ்கிரிப்டுக்கும், லீஸ் கட்டுற பேக்கெண்டுக்கு அதோட சர்வர் கீக்கும் மட்டும் போதும்.