வாசகர் கேள்வி: காயக் கணக்கும் கதையும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: மார்பில் பட்ட புண் பெருமை, முதுகில் பட்டால் இழிவு என்றே புறநானூற்றில் படிக்கிறோம். புண்பட்டவனுக்கு நோகும் என்று சங்கப் புலவர் எவருக்கும் தோன்றவில்லையா?

தோன்றியிருக்கிறது. மேடைகளில் வீரப் பாட்டுகளையே திரும்பத் திரும்பச் சொல்வதால் மற்றவை காதில் விழுவதில்லை. நெடுநல்வாடையின் முடிவைப் பாருங்கள். நடுச்சாமம், வாடைக்காற்று, தெருவெல்லாம் சேறு. வேப்பிலை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே போய்ப் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்ட, சரியும் மேலாடையை இடப்பக்கம் அணைத்தபடி அரசன் பின்னால் நடக்கிறான். முல்லைப்பாட்டு அரசனுக்கோ நித்திரையே இல்லை. துதிக்கை வெட்டுண்ட யானை, செஞ்சோற்றுக் கடன் கழித்து விழுந்த ஆட்கள், அம்பு தைத்ததால் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் நிற்கும் குதிரை என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து போகிறது.

அரிசில்கிழாரின் புறநானூறு 281 இன்னும் கிட்டப் போகிறது. இரவ இலையும் வேப்பிலையும் வீட்டில் செருகி, யாழோடு பல வாத்தியமும் ஒலிக்க, மை பூசி, வெண்கடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வாசப்புகை போட்டு அவன் புண்ணைக் காப்போம், வா தோழி என்கிறாள் ஒருத்தி. அம்மாள் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் நம்மூர்க்காரருக்கு இதற்கு உரை தேவையில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அரசன் கவலைப்படுகிறான், பெண் காக்கிறாள், ஆனால் மூன்று பாட்டிலும் புண்பட்டவன் வாய் திறப்பதே இல்லை.

கல்முனையிலிருந்து வரலாற்று ஆசிரியர் ஒருவர்: முதலாம் உலகப்போரில் படையாள் பட்ட பாட்டைச் சொல்ல நாவலை நம்புவதா, படைப் பதிவேட்டை நம்புவதா?

இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எந்த இடத்தில் சறுக்கும் என்று பாருங்கள். பதிவேடு சறுக்குவது பெரும்பாலும் கூட்டுத்தொகையில் அல்ல, தலைப்பில். போர்முனையில் மனம் உடைந்து நடுங்குவதற்கு 'ஷெல் ஷொக்' என்ற பெயரை டொக்டர் சார்ள்ஸ் மையர்ஸ் 1915 இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார். பிரித்தானியப் படை அதை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் செல் வெடித்து வந்ததென்றால் 'டபிள்யூ' என்ற எழுத்து; அவன் காயப்பட்டவன், காயப்பட்டதைக் காட்டும் அடையாளப் பட்டி சட்டைக் கையில் உண்டு, பென்சனுக்கும் வழி உண்டு. இல்லையென்றால் 'எஸ்', வெறும் நோயாளி. பட்டியும் இல்லை, பென்சனும் இல்லை. 1917 நடுப்பகுதியில் அந்தப் பெயரையே முன்னரங்கில் எழுதக் கூடாதென்று உத்தரவு வந்தது. 'இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை, நரம்பு' என்று மட்டும் எழுதி, டபிள்யூ 3436 என்ற படிவத்தை அவனுடைய கட்டளை அதிகாரிக்கு அனுப்பி, செல் வெடித்த இடத்தில் ஆள் நின்றானா என்று கேட்க வேண்டும். நடுங்குகிற கையைப் பார்த்த டொக்டர் அல்ல, பார்க்காத அதிகாரி சொல்வதே காயமா இல்லையா என்று தீர்த்தது. ஆகவே, அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்ததை வைத்துப் படையினர் மனம் தேறிவிட்டது என்று மாணவர் எழுதினால் சிவப்புப் பேனையை எடுங்கள்.

தண்டனைப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியா 2006 இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் மனம் உடைந்தவர் எவர் என்பது நோயாளர் பதிவேட்டில் வராது.

நாவல் சறுக்குவது காலத்தில். 'மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை' என்ற ஜேர்மன் நாவலில் நாயகன் 1918 ஒக்டோபர் வரை நிற்கிறான். எழுதிய ரெமார்க் 1917 ஜூலை 31 இல் செல் துண்டு பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். முன்னரங்கில் இரண்டு மாதம்கூட இல்லை. திகதிக்கு அதை எடுக்காதீர்கள். நாயகன் செத்த அன்று படை அறிக்கை புதிதாக ஒன்றுமில்லை என்கிறதே, அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுதப் பழகும் ஒருவர்: முன்னாள் போராளி ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். மனவடுவின் அறிகுறி எல்லாம் வர வேண்டுமா?

வேண்டாம், கதை கிளினிக் கொப்பியாகிவிடும். அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இதற்குத் தனிப்பெயர் கிடைத்ததே 1980 இல். பட்டதைத் திரும்பத் திரும்ப அனுபவிப்பது, நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, எந்நேரமும் உசாராக இருப்பது முக்கிய அடையாளங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்து வெளிக்கிடுவதும் உண்டு. நினைவை முழுக் காட்சியாகக் காட்டுவது சினிமாவின் பிழை. அது துண்டாக வரும்: டீசல் மணம், தகரத்தில் ஏதோ விழுந்த சத்தம், காரணம் தெரியாமல் வியர்க்கும் உள்ளங்கை. நம் ஆட்கள் டொக்டரிடம் மனதைப் பற்றி முதலில் சொல்வதும் குறைவு. "நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது" என்றுதான் தொடங்குவார்கள். கலியாண வீட்டில் முதுகுக்குச் சுவர் வரும்படி கதிரை தேடுகிறவனை ஒரு வரியில் காட்டினால், 'அவன் பயந்தான்' என்ற வசனத்தை வெட்டிவிடலாம்.

நாவலடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கட மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலை வைத்து எழுதலாமா?

எழுதுங்கள். 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானத் தாக்குதல், 307 பேர் இறந்தார்கள். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. கதையில் அதிலிருந்து விமானம் எழும்ப விடாதீர்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கிப்போனது. வைற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தூக்கியெடுத்த 600 பேரளவினர் பதிவேட்டில் 'தப்பியவர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவனை எடுங்கள். எரிஎண்ணெய் படிந்த கடலில் நீந்துகிறவனுக்குக் கண் எரிந்து மூடிக்கொள்ளும், விழுங்கினால் வாந்தி வரும். ஆகவே கப்பல் தாழ்வதை அவன் ஆற அமர நின்று பார்த்ததாக எழுத முடியாது.