கானமயிலும் அக்காவும்

அன்புள்ள ஐயா,

ஜெய்சால்மர் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு வரும் ஜனவரியில் போகிறேன். உடன் வருவதாகச் சொல்லும் நண்பருக்குப் புகைப்படத்தில் ஆர்வமில்லை, பறவைகளும் தெரியாது. நான் ஒரு புதருக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சலித்துப்போவார். தனியாகப் போவதே நல்லது என்று தோன்றுகிறது. கானமயில் என்னும் அந்தப் பெரிய புல்வெளிப் பறவையை (Great Indian Bustard) ஒருமுறையாவது அருகிலிருந்து படமெடுத்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

வி., கோவில்பட்டி

அன்புள்ள வி.,

நண்பரை அழைத்துப் போங்கள். ‘அருகிலிருந்து’ என்ற ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தனியாக. சுதாசரி பக்கம் புல்வெளியில் ஒரு கானமயில் மேய்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், வெளுத்த நீண்ட கழுத்து, கறுப்புக் கொண்டை. ஜீப்பை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்த்தச் சொன்னேன். பறவை தலையை நிமிர்த்தியது, நடையை எட்டிப் போட்டது, எழும்பிப் பறந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது அதன் முதுகு மட்டும்.

அந்தக் காலையை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. கானமயிலுக்கு நேர் முன்னால் இருப்பதைப் பார்க்கும் திறன் குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும். பறக்கும் வழியில் மின்கம்பி குறுக்கிட்டால் கடைசி நொடியில் அந்த உடம்பைத் திருப்பி விலக முடியாது. அந்த வட்டாரத்தில் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகி, கம்பிகளும் பெருகிவிட்டன. கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவு 2024இல் தளர்த்தப்பட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. இயற்கையில் எஞ்சியிருக்கும் கானமயில்கள் 150க்கும் குறைவு. பெட்டை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். இப்படிப்பட்ட பறவையை ஒரு படத்துக்காக எழுப்பிப் பறக்கவிட எனக்கு என்ன உரிமை இருந்தது? அன்று ஜீப்பில் ‘போதும்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டாம் முறை அக்கா வந்தார். தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவைத் தொட மாட்டார். முதல் மரத்தடியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ராஜஸ்தானியர் கேஜ்ரி என்று கொண்டாடும் மரம். அதன் காயைத்தான் சாங்க்ரி என்று சமைக்கிறார்கள். அக்கா ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நம் சிவன் கோயில் வன்னி” என்றார். அதன்பின் அந்த நிலம் எனக்கு அந்நியமாக இல்லை. பூங்காவின் பெரும்பகுதி மணல்மேடே அல்ல. புல்லும் பாறையும் சரளையும்தான். சுற்றுலாக்காரர்கள் சாம் மணல்மேட்டோடு திரும்பிவிடுவதால் இதைக் காண்பதில்லை.

மறுநாள் நான் ஒரு சிங்காரா மானின் மேல் லென்ஸை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அக்கா தோளைத் தொட்டார். எரிச்சலோடு திரும்பினேன். அவர் காட்டியது எங்கள் காலடியில் ஒரு சேவன் புல் தூரை. வளைந்து தொங்கிய ஒரு தாளின் நுனி மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்று அதை இழுத்து இழுத்து, தூரைச் சுற்றி முக்கால் வட்டம் கீறியிருந்தது. கோட்டின் இரு கரையிலும் மணல்துகள்கள் வரப்புபோல் ஒதுங்கியிருந்தன. “காற்று கவராயம் போட்டிருக்கிறது, பார்” என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே நுனி மறுபடி அசைந்து, அதே கோட்டின் மேல் இம்மி பிசகாமல் போய்வந்தது. மான் போய்விட்டது. அந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல படம் அந்த வட்டம்தான். லென்ஸுக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாத் திசைகளையும் உடன் வந்தவர்தான் பார்க்கிறார்.

கானமயிலும் வந்தது, வெகு தூரத்தில். என் கை ஓட்டுநரின் தோளுக்குப் போனது. “அது சாப்பிடட்டும், விடு” என்றார் அக்கா. இருந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் இருந்தோம். படத்தில் பறவை நகக்கண் அளவுதான். ஆனால் அதைச் சுற்றி அது வாழும் புல்வெளி முழுவதும் இருக்கிறது. முகம் மட்டும் தெரியும் படத்தைவிட இதையே பெரிதாக மதிக்கிறேன்.

விடிந்ததும் கிளம்புங்கள். வெயில் ஏறினால் குளிர்காலத்திலும் கானல் எழும். எட்டத்தில் நிற்பதெல்லாம் படத்தில் நீரில் கரைந்ததுபோல் வரும். அந்த நேரத்தில் அகல் புதைபடிவப் பூங்காவுக்குப் போகலாம். ஜெய்சால்மரிலிருந்து 17 கிலோமீட்டர். 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நின்ற மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. தனியாக எடுத்தால் வெறும் பாறையாகத் தெரியும். பக்கத்தில் நண்பரை நிற்கச் சொல்லி எடுங்கள். அப்போதுதான் மரத்தின் அளவு புரியும்.

தொலைநோக்கி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை நண்பரின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அவர் தோளைத் தொட்டால் உடனே திரும்புங்கள்.

அன்புடன்.