மீட்டரா, காதா? ஆம்ப்ளிஃபயர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். எந்த ஸ்டீரியோ ஆம்ப் வாங்குவது, அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதா, கேட்டுப் பார்த்து நம்புவதா? ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மாடல் பெயரைச் சொல்லி "இது நல்லதுங்களா" என்று மட்டும் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். கீழே உள்ளதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

பல்லடம்: ஏனுங்ணா, கடையில் ஒரு செட் 3000 வாட் பி.எம்.பி.ஓ. என்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொன்று வெறும் 50 வாட், விலையோ மூன்று மடங்கு. எங்கள் ஹால் பதினாறுக்குப் பன்னிரண்டு. எத்தனை வாட் வேண்டும்?

பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம் எகிறும் உச்ச வாட் என்று பேர், ஆனால் அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு எதுவும் கிடையாது தம்பி. அட்டை அச்சடிப்பவர் மனசு போல. அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருக்கும். 60 வாட் இழுக்கிற பெட்டி 3000 வாட் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை. இந்த விளையாட்டு நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் இஷ்டத்துக்கு வாட் அச்சடித்த காலத்தில், 1974-ல் அரசே தலையிட்டு விதி கொண்டுவர வேண்டியிருந்தது.

எத்தனை வாட் என்பதை ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்று 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் என்று வைப்போம். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9, 10 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். ஆக, சோபாவில் 80-க்குப் பக்கம். பேச்சுச் சத்தமே 60, 65 தான். 75 டெசிபலில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பவருக்கு ஸ்பீக்கருக்கு அரை வாட்கூட வேண்டியதில்லை.

அப்புறம் எதற்கு 50 வாட்? தவிலில் ஒரு அடி விழும்போது சத்தம் சராசரியைவிட 20 டெசிபல் எகிறும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். 0.3 வாட் அந்த ஒரு நொடிக்கு 30 வாட் ஆகிறது. அந்த நொடியில் ஆம்பிடம் சரக்கு இல்லையென்றால் அலையின் தலை வெட்டுப்படும். அதைத்தான் கிளிப் ஆகிறது என்கிறோம், காதில் 'கரகர' என்று விழுவது அதுதான். உங்கள் ஹாலுக்கு உண்மையான 50 வாட் தாராளம். 60-க்கும் 50-க்கும் விலை வித்தியாசம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது ஒரு டெசிபல்கூட இல்லை. ஒருபடி மேலே போக வேண்டுமென்றால் 100-க்குப் போங்கள், 3 டெசிபல் கிடைக்கும்.

ஈரோடு: ஒரு ஆம்பில் டிஸ்டார்ஷன் 0.0005 சதவீதம், இன்னொன்றில் 0.05. நூறு மடங்கு வித்தியாசம் காதுக்குத் தெரியாமலா போகும்?

தெரியாமல்தான் போகும். டிஸ்டார்ஷன் என்பது பாட்டில் இல்லாததை ஆம்ப் தானாகச் சேர்க்கும் அழுக்கு. 0.05 சதவீதம் என்றால் பாட்டைவிட 66 டெசிபல் கீழே. 80 டெசிபலில் பாட்டு ஓடினால் இந்த அழுக்கு 14 டெசிபலில் கிடக்கிறது. இரவு ஊர் அடங்கிய பிறகும் நம் வீட்டு அறைகளில் 30 டெசிபல் இரைச்சல் இருக்கும், ஃபேன் போட்டால் இன்னும் கூடும். உங்கள் ஸ்பீக்கரே பேஸில் சத்தமாக ஓடும்போது அரை சதவீதம், ஒரு சதவீதம் டிஸ்டார்ஷன் போட்டுக்கொண்டிருக்கும். நான்கு சுழியம் உள்ள ஆம்ப் பொறியாளரின் கைத்திறமைக்குச் சான்று, அதற்காக அவரை மெச்சலாம். காசைக் கூடுதலாகக் கொடுக்க அது காரணம் ஆகாது.

ஆனால் அந்த ஒற்றை எண்ணை எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள். முழு வாட்டுக்குப் பக்கத்தில், 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்திருப்பார்கள். நாம் கேட்பதோ அரை வாட்டில். சரியாக பயாஸ் (டிரான்சிஸ்டர்களில் எப்போதும் ஓட விடும் சிறு மின்னோட்டம்) வைக்காத ஆம்பில், மேல் பாதி டிரான்சிஸ்டரிலிருந்து கீழ் பாதிக்குக் கைமாறும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். முழு வாட்டில் அந்தப் படி கண்ணுக்கே தெரியாது, அரை வாட்டில் வயலினைச் சுரண்டிவிடும். 1 வாட்டில் அளந்த எண் இருந்தால் கேளுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறதா, 4 ஓம் (மின்தடை குறைவான) ஸ்பீக்கருக்கும் வாட் கொடுத்திருக்கிறதா பாருங்கள். இவற்றை மறைக்கிற கம்பெனிமீது எனக்குச் சந்தேகம்தான்.

பொள்ளாச்சி: அண்ணா, போன மாதம் ஆம்ப் மாற்றினேன். பேஸ் இறுகிவிட்டது, குரல் முன்னால் வந்துவிட்டது. சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரரே "என்ன மாத்தினே?" என்று கேட்டார். எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

எல்லா ஆம்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை அம்மிணி. உங்களுக்குக் கேட்டதும் பொய்யில்லை. அது ஆம்பால் வந்ததா, சத்தம் கூடியதால் வந்ததா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஆம்புக்கும் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, வேறு. பழையதில் வால்யூம் 10 மணி நிலையில் கொடுத்த சத்தத்தைப் புதியது 9 மணியிலேயே கொடுக்கலாம். சத்தம் கொஞ்சம் கூடினால் பேஸும் ட்ரெபிளும் நடுப்பகுதியைவிட அதிகமாகக் கூடியது போல் நம் காது எடுத்துக்கொள்ளும். ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். அரை டெசிபல் வித்தியாசத்தை நாம் 'சத்தம்' என்று உணர மாட்டோம். 'தெளிவு', 'உயிர்' என்றுதான் சொல்வோம். சமையலறைவரை கேட்டது என்றால் எனக்குச் சந்தேகம் சத்தத்தின் மேல்தான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர், போனில் 100 ஹெர்ட்ஸ் டோன், போதும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டும். ஸ்பீக்கர் மாட்டியபடியே அதன் முனைகளில் ஏ.சி. வோல்டேஜ் பாருங்கள். பழைய ஆம்பில் 2.00 வோல்ட் வருகிற மாதிரி வால்யூமை வைத்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். புதியதிலும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அதற்குள் இருந்தால் 0.1 டெசிபல்தான் வித்தியாசம்.

இனி வீட்டுக்காரரை ஆம்புகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் திரும்பி உட்காருங்கள். அவர் நாணயம் சுண்டி ஆம்பை மாற்றட்டும், சீட்டில் எழுதி வைக்கட்டும். நீங்கள் உங்கள் சீட்டில் எழுதுங்கள். பத்துக்கு ஒன்பது சரியென்றால் குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றில் ஒரு வாய்ப்புதான், நான் ஒப்புக்கொள்வேன். ஏழு சரி என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் போட்டு மாற்றுவதானால் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து மாற்றும் ஸ்விட்ச் வேண்டும். இன்றைய சின்ன கிளாஸ் டி பெட்டிகள் (டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் போல வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓடும் ஆம்புகள்) பலவற்றில் மைனஸ் முனையும் உயிரோடு இருக்கும். இரண்டு ஆம்பின் மைனஸையும் ஒன்றாகக் கட்டினால் புகைதான்.

கோவை: நீங்கள் மீட்டர் கட்சி. எழுபதுகளில் காகிதத்தில் அருமையாக இருந்த ஜப்பான் ஆம்புகள் காதுக்குக் கரடுமுரடாக இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்களே? அப்போது காதுதானே ஜெயித்தது?

நல்ல கேள்வி. காதுதான் முதலில் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஃபின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டலா 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். நிலையான டோனில் டிஸ்டார்ஷனை அமுக்குவதற்காக ஃபீட்பேக்கை (அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பி அனுப்பித் தவறைத் திருத்தும் உத்தி) ஏகத்துக்கும் ஏற்றி, ஆம்பின் உள்ளே வேகத்தைக் கோட்டைவிட்டால், திடீரென்று எழும் சத்தத்தில் ஆம்ப் தடுமாறும் என்றார். அதன் பிறகு ஆம்பின் வோல்டேஜ் எவ்வளவு வேகமாக மாற முடியும் என்று சொல்லும் ஸ்லூ ரேட் என்ற அளவு ஸ்பெக் தாளில் ஏறியது, சர்க்யூட்டுகளும் மாறின. காது "என்னமோ சரியில்லை" என்றது. என்ன சரியில்லை என்று கண்டுபிடித்ததும் திருத்தியதும் மீட்டர். எனக்கு இந்த வரிசைதான் பிடிக்கும். காது புகார் கொடுக்கட்டும், தீர்ப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதட்டும்.

திருப்பூர்: நண்பர் வீட்டு வால்வ் ஆம்பில் கேட்டேன், என்ன ஒரு இதமான சவுண்டு! அதுவும் கற்பனையா?

இல்லைங்க, அது நிஜம், அளந்தும் காட்டலாம். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல் வைத்த வால்வ் ஆம்புக்கு அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளேயே இருக்கும் மின்தடை, அதிகம், 2 ஓம் என்று வைப்போம். 8 ஓம் என்று விற்கும் ஸ்பீக்கரோ ஒரு இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னொரு இடத்தில் 30-க்கு ஏறும். கணக்குப் போட்டால் இரண்டு இடத்துக்கும் நடுவே 3 டெசிபல் ஏற்ற இறக்கம் வருகிறது. யாரோ ஒருவர் ஈக்வலைசரைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி. அதோடு கொஞ்சம் இரண்டாம் ஹார்மோனிக்கும் (ஒவ்வொரு சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்) சேர்கிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் இம்பீடன்ஸ் 0.05 ஓம் அளவில்தான் என்பதால் இந்த விளையாட்டே நடக்காது.

பாப் கார்வர் என்ற அமெரிக்கர் 1985-ல் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்பைத் திருத்தித் திருத்தி, அவர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப் போலவே பாடவைத்தார். இரண்டின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் கேட்காத அளவுக்குக் கொண்டுவந்துதான் செய்தார். பத்திரிகைக்காரர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வின் ஒளி பிடித்திருந்தால் வாங்குங்கள், நானும் ரசிப்பேன். இதம் மட்டும் போதுமென்றால் டோன் கண்ட்ரோல் மலிவு.

சோமனூர்: பக்கத்திலேயே தறிக்கூடம். மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது. செட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் வேறு.

இரண்டும் வேறு வேறு வியாதி. 230-க்குப் பதில் 180 வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பின் வாட் ஆறில் நான்கு பங்குக்கும் கீழே போகும். கேட்க பயமாக இருந்தாலும் 2 டெசிபல்தான் நஷ்டம். 100 வோல்ட் முதல் 240 வரை தாங்கும் எஸ்.எம்.பி.எஸ். (போன் சார்ஜரில் இருப்பது போன்ற பவர் சப்ளை) வைத்த ஆம்ப் வாங்கினால் அதுவும் இல்லை. தறி மோட்டார் தட்டும்போது வரும் வோல்டேஜ் எகிறலுக்குத்தான் பயப்பட வேண்டும், ஒரு சர்ஜ் புரொடக்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

உறுமலுக்கு: செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் இணைந்து வளையமாகிவிட்டது. கேபிள் ஒயருக்கு ஐசொலேட்டர் போடலாம். பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம், உறுமல் நிற்கும், ஒருநாள் ஷாக்கும் அடிக்கும். எல்லா இன்புட்டையும் கழற்றிய பிறகும் உறுமினால் ஆம்புக்குள் பெரிய ஃபில்டர் கபாசிட்டர் தேய்ந்திருக்கும்.

கரூர்: ஸ்பீக்கர் ஒயர் மீட்டர் ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். ஐந்து மீட்டர் போய்வர 0.07 ஓம். முடிந்தது.

கோபி: தம்பி, தொண்ணூறுகளில் அசெம்பிள் செய்த எஸ்.டி.கே. ஐ.சி. ஆம்ப் இன்னும் பாடுகிறது. மகன் தூக்கிப் போடச் சொல்கிறான்.

போடாதீங்கய்யா. ஆம்பின் பெரும்பகுதியை ஒரே துண்டில் அடக்கிய சான்யோவின் அந்த ஐ.சி.களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதிகம், ஆனால் ஒழுங்கான ஹீட்சிங்க்கோடு வீட்டுச் சத்தத்தில் அது நேர்மையான வேலை செய்யும். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களை மாற்றச் சொல்லுங்கள், வால்யூம் கண்ட்ரோலையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஐ.சி. போய்விட்டால் மட்டும் யோசியுங்கள். சான்யோ தயாரிப்பது நின்றுவிட்டது, இப்போது கிடைப்பதில் போலி நிறைய. மகனைப் புது ஸ்பீக்கர் வாங்கித் தரச் சொல்லுங்கள், அதுதான் கேட்கும்.

நாமக்கல்: மொத்தம் 60,000 ரூபாய். ஆம்புக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு?

ஸ்பீக்கருக்கு 40,000, ஆம்புக்கு 15,000. மிச்சம் 5,000 அறைக்கு. கடைசியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர் உள்ள நம் ஹால்களில் கைதட்டினால் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். எந்த ஆம்பும் அதைத் தொட முடியாது. பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தால் ட்ரெபிள் எதிரொலி கொஞ்சம் அடங்கும். பேஸுக்கு அது பத்தாது, 100 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே 85 சென்டிமீட்டர் நீளம். அதற்குத் தடிமன் வேண்டும். மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திப் பாருங்கள், அழகாக இருக்காது, வேலை செய்யும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போடுவதற்குக் காசே வேண்டாம்.

தாராபுரம்: மாமா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். நோம்பிக்குப் போட்ட ரேடியோ செட் ஆம்ப் சும்மா கிடக்கிறது. வீட்டு ஸ்பீக்கருக்கு மாட்டலாமா?

பின்னால் 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதிய முனைகளில் மாட்டவே மாட்டாதீர்கள். அவை தூரத்துக் குழாய் ஸ்பீக்கர்களுக்கு ஒயர் இழுக்க. 4 ஓம், 8 ஓம் முனை இருந்தால் அதில் மாட்டலாம். ஆனால் அது மோனோ, பேஸும் ட்ரெபிளும் இரண்டு பக்கமும் வெட்டியிருக்கும், ஃபேன் வைத்த மாடலென்றால் அதன் சத்தம் வேறு. ஊரில் அடுத்த நோம்பிக்குக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வாடகையாவது வரும்.