குகைக்குள் ஸ்கூபா: அட்வான்ஸ்டு சான்றிதழ் போதுமா?

நீருக்கடியில் உள்ள குகைகளைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் பகுதி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு டைவிங் பயிற்றுநர்கள் பதில் தருகிறார்கள்.

ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு என்ற ஸ்கூபா படிப்புகள் இரண்டையும் புதுச்சேரியில் முடித்துவிட்டேன். 30 மீட்டர் ஆழம் வரை போக அனுமதி இருக்கிறது. குகை வாசலில் 15 மீட்டர் உள்ளே போய் எட்டிப் பார்த்து வருவதற்கு எதற்குத் தனிப் பயிற்சி?
*– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

நீங்கள் படித்த பாடம் முழுக்க, தலைக்கு மேலே தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. காற்று தீர்ந்தாலும், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் மக்கர் செய்தாலும் கடைசி வழி மேலே போவதுதான். மூச்சை மெல்ல விட்டபடியே மேலேறும் பயிற்சியைக் கொடுத்ததும் அதற்காகத்தான். குகையில் மேலே இருப்பது பாறை. வந்த வழியே திரும்பினால்தான் வெளியே வர முடியும்.

அந்த வழி திரும்பும்போது இருக்காது என்பதுதான் சிக்கல். குகைத் தரையில் மாவு போல நைஸான வண்டல் படிந்திருக்கும். கடலில் பழகிய மேலும் கீழுமான கால் உதைப்பில், காலில் மாட்டிய துடுப்பான ஃபின் கிளப்பும் நீரோட்டம் நேராகத் தரையில் போய் அடிக்கும். முன்னால் பார்த்தபடி போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. போதாததற்கு, நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் முட்டி அங்கே ஒட்டியிருக்கும் துகள்களையும் உதிர்க்கும். தலையைத் திருப்பினால் டார்ச் வெளிச்சம் பழுப்புப் புகையில் பட்டு உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். கைக்கடிகாரத்தை மாஸ்க்கில் ஒட்டி வைத்தாலும் எண் தெரியாது. சில நொடிகளில் கலங்கும் தண்ணீர் தெளியச் சில மணி நேரமாவது வேண்டும். உங்கள் சிலிண்டரில் அவ்வளவு நேரத்துக்குக் காற்று கிடையாது. 15 மீட்டர் என்பது பார்வை இருக்கிறவருக்குத்தான் குறைந்த தூரம். பார்வை போனபின் தடவிக்கொண்டு போகிறவர், வாசல் என்று நினைத்துப் பக்கத்துப் பொந்துக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடுவார்.

அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக அலசினார். வெளிநீரிலிருந்து அறுபடாத வழிக்கயிறு இல்லாதது, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. பயிற்சியின்மையும் ஆளுக்கு மூன்று விளக்கு இல்லாததும் பின்னர் அதோடு சேர்க்கப்பட்டன. இறந்தவர்களில் கடலில் பாடம் நடத்தும் பயிற்றுநர்களும் உண்டு என்பதைக் கவனியுங்கள். விதிகளைத் தொகுத்த எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சகாட்டோன் நீர்க்குழியில், ஆழச் சாதனை முயற்சியில் இறந்தார்.

‘மூன்றில் ஒரு பங்கு’ விதி ரொம்பவே பயந்த கணக்காகத் தெரிகிறது. பாதிக் காற்றில் போய்ப் பாதிக் காற்றில் வந்தால் என்ன?
*– வாசகர், அரியாங்குப்பம்*

ஒரு பங்கு காற்றில் உள்ளே போய், ஒரு பங்கில் திரும்பி, மீதி ஒரு பங்கை ஆபத்துக்கு வைப்பதுதான் அந்த விதி. பயந்த கணக்கா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். 11 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். மூன்றால் சரியாக வகுபட வேண்டும் என்பதால் 180 என்று குறைத்துக்கொள்வோம். பங்கு 60 பார். ஆகவே 200இல் 60 செலவாகி 140 காட்டும்போது திரும்ப வேண்டும். நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் செலவாகும். 11 லிட்டர் சிலிண்டரில் 60 பார் என்பது 660 லிட்டர், அதாவது 11 நிமிடப் பயணம்.

சரியாக அந்தக் கடைக்கோடியில் உங்கள் கூட்டாளியின் ரெகுலேட்டர் போய்விட்டது என்று வையுங்கள். உங்களிடம் 140 பார், அதாவது 1,540 லிட்டர் இருக்கிறது. இருவரும் பதறாமல் மூச்சு விட்டால் நிமிடத்துக்கு 120 லிட்டர்; 12 நிமிடத்துக்கு மேல் வரும், தப்பிக்கலாம். பயத்தில் மூச்சு இரட்டிப்பானால் நிமிடத்துக்கு 240 லிட்டர். ஆறரை நிமிடம்கூட வராது. வாசலோ 11 நிமிடத் தொலைவில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்பதே கத்தி முனைக் கணக்கு. பாதிக்குப் பாதி போனால், கூட்டாளிக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு மூச்சுகூட மிச்சமில்லை.

தண்ணீர் குகைக்குள் இழுக்கிற இடமாக இருந்தால் திரும்பும்போது எதிர்நீச்சல். மூன்றில் ஒன்றும் போதாது. குகை டைவர்கள் தனித்தனி ரெகுலேட்டருடன் இரண்டு சிலிண்டர் கட்டுவதும், அதில் ஒரு குழாயை 2 மீட்டருக்கு மேல் நீளமாக வைப்பதும் இதனால்தான். இடுக்கில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் காற்றைப் பகிர்ந்தபடி வர முடியும்.

டிசம்பரில் மெக்சிகோ போகிறோம். செனோட் எனப்படும் நீர்க்குழிகளில் சுற்றுலாப் பயணிகளையே அழைத்துப் போகிறார்களாமே? நம்பிப் போகலாமா?
*– வாசகி, லாஸ்பேட்டை*

போகலாம். ஆனால் அது குகை டைவ் இல்லை. வாசலின் பகல் வெளிச்சம் கண்ணில் படும் பகுதிக்குள் நடக்கும் சுற்று. அந்த எல்லையைத் தாண்டினால் எல்லாமே வேறு.

பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள். வழிகாட்டிக்கு முழுக் குகைச் சான்றிதழ் இருக்கிறதா? கடல் பயிற்றுநர் சான்றிதழைக் காட்டினால் போதாது. ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். அவர் இரட்டைச் சிலிண்டர் கட்டியிருக்கிறாரா, உங்கள் ஒவ்வொருவரின் காற்றளவையும் கேட்டு, இருப்பதிலேயே குறைவானதை வைத்துத் திரும்பும் அளவைச் சொல்கிறாரா என்று பாருங்கள். “கேஜ் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்கிறவரோடு நாங்கள் போக மாட்டோம்.

தண்ணீருக்குள் தடித்த கயிறு ஒன்று கட்டியிருப்பார்கள். சுற்றுக்கான பாதை அது. இருட்டுப் பக்கம் மெல்லிய கயிறு போவது தெரிந்தால் அது குகைப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. அந்தப் பக்கம் வேடிக்கைக்குக்கூட வேண்டாம். பல இடங்களில் எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையே நிற்கும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் அடுக்கில் திடீரென்று எல்லாம் எண்ணெய் பட்டதுபோல மங்கும். மாஸ்க்கில் கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போகாமல் சற்று ஒதுங்கிப் போனால் மங்கல் குறையும். எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் நீங்கள் கட்டை விரலை உயர்த்தித் திரும்பலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது குகை டைவர்களிடையே எழுதாத சட்டம்.

எங்கள் கிணறு 60 அடி. அதில் 25 அடி தண்ணீர். சப்மெர்சிபிள் மோட்டார் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. ஸ்கூபா தெரிந்த தம்பி ஒருவன் இறங்கி எடுத்துத் தருகிறேன் என்கிறான். விடலாமா?
*– வாசகர், பண்ருட்டி அருகே*

வேண்டாம். பார்வையே இல்லாத தண்ணீர், அடியில் சேறு, பழைய நைலான் கயிறு, கேபிள், பக்கவாட்டில் போட்ட போர்த் துளைகள் என்று குகையின் தொல்லைகளில் பாதி கிணற்றிலும் உண்டு. குகையில் இல்லாத ஒன்றும் சேரும்: மேலிருந்து விழும் கல்.

புழங்காத கிணற்றில் தண்ணீருக்கு மேலே உள்ள வெற்றிடம் இன்னும் மோசம். கரியமில வாயு கனமானது, அடியில் தங்கும். தம்பி நீர்மட்டத்துக்கு வந்து ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்ததும் மயங்கலாம். அவனைத் தூக்க இறங்குகிறவரும் அடுத்தடுத்து விழுவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஆக்சிஜன் குறைவைக் காட்டும், நச்சு வாயுவைக் காட்டாது.

முதலில் ஃபியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் பையில் வையுங்கள். வேறு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, மேலிருந்தபடியே பாதாளக்கரண்டியில் குழாயையோ கேபிளையோ மாட்டி, முக்காலியில் செயின் பிளாக் போட்டுத் தூக்குங்கள். ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் 101க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

தாய்லாந்துக் குகையில் சிக்கிய பிள்ளைகள் டைவிங்கே தெரியாமல் வெளியே வந்தார்களே?
*– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

அவர்கள் நீந்தி வரவில்லை. 2018 ஜூலை 8 முதல் 10 வரை, 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மயக்க மருந்து கொடுத்து, முழு முக மாஸ்க் பொருத்தி, பல ஆண்டு அனுபவமுள்ள குகை டைவர்கள் சுமந்து வந்தார்கள். அதற்கு முன், ஜூலை 6 அன்று, சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் உள்ளேயே இறந்தார். அவர் தாய்லாந்துக் கடற்படையின் ‘சீல்’ என்ற சிறப்புப் படைப் பிரிவில் இருந்தவர்.

குகைப் பயிற்சியைப் புதுச்சேரியிலேயே எடுக்க முடியுமா?
*– வாசகர், முத்தியால்பேட்டை*

முடியாது. இங்கே கடலடி மணலும் ஆற்று வண்டலும். நாம் டைவ் செய்வது பாறைத் திட்டுகளிலும் மனிதர்கள் உருவாக்கிய செயற்கைத் திட்டுகளிலும்தான். குகைப் பாடத்தைக் குகையில்தான் படிக்க முடியும். வெளிச்சப் பகுதி, அறிமுகக் குகை, முழுக் குகை என்று படிப்படியாக, மொத்தம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்ற, அதை இழுக்காமல் வெளியேறுவதும், தொலைந்த கயிற்றைச் சின்ன ரீல் கட்டித் தேடுவதும் அதில் வரும்.

அதற்கான அடித்தளத்தை இங்கேயே போடலாம். மணலுக்கு அரை மீட்டர் மேலே, கையை ஆட்டாமல், ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பழகுங்கள். முழங்காலை மடக்கித் தவளை போல உதைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மணல் எழுகிறதா என்று பின்னாலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு டைவிலும் ஆழம், நேரம், செலவான பார் மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் மூச்சு விடுகிறீர்கள் என்று உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மேலே எழுதிய 20 என்பது எடுத்துக்காட்டுக்குச் சொன்னது. உங்களுடையது 28 ஆக இருக்கலாம்.