பழைய பைக் என்றாலே புகைப் பரிசோதனையில் ஃபெயில் ஆகுமா?

அப்பா ஓட்டிய 2008 மாடல் பைக் உங்கள் கைக்கு வந்திருக்கிறது, வயசான வண்டி என்பதாலேயே பொல்யூஷன் டெஸ்டில் ஃபெயில் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. என்னிடம் 2007-இல் வாங்கிய 100 சிசி பைக் இருக்கிறது, இன்றும் பாஸ் ஆகிறது. ஒரே ஒரு தடவை ஃபெயில் ஆனது, அதற்கு வயசு காரணமில்லை. ஒன்றரை வருடம் நான் சர்வீஸுக்கே விடவில்லை.

வண்டி எந்தக் காலத்தில் தயாரானதோ, அந்தக் காலத்து வரம்புதான் அதற்குப் பொருந்தும். உங்களுடையது பிஎஸ் 4 என்ற புகை விதிமுறைக்கு முந்தைய நாலு ஸ்ட்ரோக் பைக். அதற்கு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாமல் வரும் பெட்ரோல்) 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை போகலாம். புது வண்டிக்கான வரம்பை வைத்து இதை அளப்பதில்லை.

என் வண்டிக்கு அன்று கார்பன் மோனாக்சைடு 5 சதவீதத்தைத் தாண்டியது. மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார், புழுதி கொட்டியது. பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நுனியில் இருந்த கரி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. "காத்து போக வழியில்ல தம்பி, பெட்ரோல் எரியாம அப்படியே புகையா வருது" என்றார். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக்கின் கேபிளும் பாதியில் சிக்கியிருந்தது. புது ஃபில்டர், புது பிளக், கார்பரேட்டர் கிளீனிங், அவ்வளவுதான். மறுநாள் 2-க்குக் கீழே வந்துவிட்டது.

வயசு உண்மையிலேயே காட்டும் இடம் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும். ரிங் தேய்ந்தால் ஆயிலும் சேர்ந்து எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஹைட்ரோகார்பன் ஏறும். அதற்கு சாதாரண சர்வீஸ் போதாது, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆயிலை நேரத்துக்கு மாற்றிவந்தால் அந்த நாள் ரொம்பவே தள்ளிப்போகும்.

டெஸ்டுக்குப் போகும்முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பாஸ் ஆவதற்காக மட்டும் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகச் சொல்லாதீர்கள். பெட்ரோல் ரொம்பக் குறைந்தால் வண்டி இழுக்காது, மிஸ் அடிக்கும், ஹைட்ரோகார்பன் வேறு கூடும்.

சில இடங்களில் சைலன்சருக்குள் அளக்கும் கருவியின் குழாயை விடாமலேயே சான்றிதழ் அடித்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள், குழாயை விட்டு அளக்கச் சொல்லுங்கள். உங்கள் பைக்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுக்க வேண்டும் அல்லவா, பழைய சான்றிதழ்களையும் பத்திரமாக வைத்திருங்கள். போன தடவை 1.2 சதவீதம் இருந்த கார்பன் மோனாக்சைடு இந்தத் தடவை 2.6 என்றால், பாஸ்தான் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.