டங்ஸ்டன் முனை ஏன் நீலம் பூக்கிறது?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸ் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான் வேலை. காலையில் தீட்டிய டங்ஸ்டன் தண்டின் முனை பத்து மணிக்குள் மழுங்கி, நீலம் பூத்துவிடுகிறது. தண்டு மட்டமானதா, அண்ணே?

பதில்: தண்டைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் சூட்டோடு காற்றுப் பட்டால் அதற்கு ஆகாது. நீலம் அதன் அடையாளம்தான். வெல்டிங் முடிந்த கையோடு டார்ச்சை, அதாவது தண்டு மாட்டிய கைப்பிடியை, தூக்குகிறீர்களா? முனையில் காற்றுப் படாமல் காப்பது ஆர்கான் வாயுதான்; 100 ஆம்பியருக்கு 10 வினாடியாவது அது ஓடட்டும், டார்ச் அங்கேயே இருக்கட்டும். முனை வெள்ளிபோல் மின்னினால் சரி. வெக்கை தாங்காமல் பக்கத்தில் மின்விசிறி வைத்திருந்தால் திருப்பி வையுங்கள்; அந்தக் காற்று ஆர்கானைக் கலைத்துவிடும். கப்பல் பட்டறையில் எனக்குப் பல மாதம் பிடிபடாத கோளாறு அதுதான்.

டார்ச் எந்தத் துருவத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். நெகட்டிவில் இருந்தால், எலக்ட்ரான்கள் முனையை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், வியர்வை உடம்பைக் குளிர்விக்கிற மாதிரி. அந்தச் சூட்டைக் குழாயில் கொண்டுபோய் இறக்கும். மாற்றி மாட்டினால் சூட்டில் பெரும்பகுதி முனையில்தான். ஒருமுறை நான் அப்படி மாட்டி, 2.4 மில்லிமீட்டர் தண்டின் நுனி குன்றிமணியாய் உருண்டு நின்றது.

தீட்டுவது நீளவாக்கில் இருக்கட்டும். சிவப்பு வளையம் போட்ட தண்டில் தோரியம் உண்டு. அது கதிர்வீச்சுப் பொருள். முகக்கவசம் இல்லாமல் அதைத் தீட்டவே கூடாது. லாந்தனம் கலந்த நீல வளையத் தண்டை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள்.